புழுங்கலரிசி முதல் உயிர்மாதிரி வங்கி வரை

மலாயாவின் மருத்துவ ஆய்வு வரலாறு நம்மவர் சோற்றுப் பானையைத் தொட்டே வளர்ந்தது என்றால் மிகையாகாது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்நாட்டை வாட்டிய நோய்களுள் ஒன்று பெரிபெரி. கால் மரத்து, உடல் வீங்கி, நெஞ்சடைத்து மாய்ந்தோர் பலர். அவர்களுள் பெரும்பாலோர் ஈயச் சுரங்கங்களில் உழைத்த சீனத் தொழிலாளர். அதே வெயிலிலும் அதே மழையிலும் தோட்டங்களில் உழைத்த தமிழர்க்கு மட்டும் இந்நோய் அரிதாகவே வந்தது. நெகிரி செம்பிலானில் அரசு மருத்துவராக இருந்த பிராடன் இவ்வேறுபாட்டை ஆண்டுக்கணக்கில் கண்டு பதிந்தார். 1907இல் அவர் வெளியிட்ட நூல் காரணத்தைச் சோற்றில் தேடியது. சீனர் உண்டது தீட்டிய வெள்ளை அரிசி. தமிழர் உண்டது புழுங்கலரிசி. பழைய வெள்ளை அரிசியில் ஏதோ நஞ்சு ஊறுகிறது என்று அவர் கொண்ட முடிபு பிழையானது. ஆயினும் அவர் கண்டது பிழையன்று. நெல்லை அவிக்கும்போது தவிட்டிலுள்ள தயமின் என்னும் உயிர்ச்சத்து அரிசியின் உள்ளே இறங்கி நிற்கிறது. பிறகு எவ்வளவு தீட்டினாலும் முற்றும் போய்விடுவதில்லை. இவ்விளக்கம் பின்னாளில் வந்தது.

அக்கால ஆங்கில அறிக்கைகள் இவ்வரிசிகளைப் பதப்படுத்தியது என்றும் பதப்படுத்தாதது என்றும் சுற்றி வளைத்துக் குறிக்கின்றன. புழுங்கல், பச்சை என்று நம் வீட்டுப் பெண்டிர் நாள்தோறும் ஆளும் இரு சொற்களில் அடங்கிய வேறுபாடு அது. மொழியியலாராகிய நமக்கு இத்தகைய இடங்களில் சற்று நின்று செல்லும் பழக்கம் உண்டு, வாசகர் பொறுத்தருள்க.

அரிசியே காரணமா என்பதைச் சோதிக்கும் பணி கோலாலம்பூர் மனநோயர் காப்பகத்தில் நடந்தது. வில்லியம் பிளெச்சர் என்னும் மருத்துவர் அங்கிருந்த நோயாளிகளை ஏறத்தாழச் சமமான இரு பிரிவாக்கினார். ஒரு பிரிவுக்கு வெள்ளை அரிசிச் சோறும் மற்றதற்குப் புழுங்கலரிசிச் சோறும் அளித்தார். இடமே நோய்க்குக் காரணமோ என்னும் ஐயம் எழாதிருக்க, இடையில் இரு பிரிவினரையும் கட்டடம் மாற்றி வைத்தார். வெள்ளை அரிசி உண்டோரில் 18 பேர் பெரிபெரியால் இறந்தனர். புழுங்கலரிசி உண்டோரில் அந்நோயால் ஒருவரும் இறக்கவில்லை. 1907இல் முடிவுகள் புகழ்பெற்ற மருத்துவ இதழான லான்செட்டில் வெளிவந்தன. அதே ஆண்டில், 1900இல் கோலாலம்பூரில் தோற்றுவிக்கப்பெற்ற மருத்துவ ஆய்வுக் கழகத்தின் பிரேசரும் ஸ்டான்டனும், ஜெலுபு மாவட்டத்தில் சாலை அமைத்துக்கொண்டிருந்த சாவகத் தொழிலாளர் 300 பேரிடையே இதே சோதனையை விரித்து நடத்தினர். தீட்டும்போது அரிசியிலிருந்து ஏதோ ஒன்று இழக்கப்படுகிறது, அவ்விழப்பே நோய் தருகிறது என்பது அவர்களால் நிலைபெற்றது. உயிர்ச்சத்து பற்றிய உலக அறிவுக்கு மலாயா அளித்த பங்கு இது, பெருமைக்குரியதே.

ஆயினும் அந்த 18 பேரின் பெயரை ஆய்வுலகம் நினைவில் வைத்திருக்கவில்லை. இன்ன சோறு உனக்கு இடப்போகிறோம், இதனால் நீ நோயுறக்கூடும் என்று சொல்லிக் கேட்டிருந்தால், விடை சொல்லும் நிலையிலும் அவர்கள் இல்லை. அக்காலத்தில் யாரும் அவ்வாறு கேட்பதில்லை என்பது உண்மை. அக்காலத்து அறமே அதுதான் என்று சொல்லி அமைதி காண்போரும் உளர். நாம் அவ்வமைதிக்கு உடன்படோம். கேட்கும் வழக்கம் இல்லாமற் போனதற்குக் காரணம், கேட்கப்பட வேண்டியோர் யார் என்பதில் ஆட்சியாளர் கொண்டிருந்த எண்ணம்.

தோட்டத் தமிழரின் உடலும் இவ்வகையில் கணக்கெடுக்கப்பட்டது. கிள்ளானில் மலேரியா ஒழிப்புக்குப் புகழ்பெற்ற மால்கம் வாட்சன், எந்தத் தோட்டத்தில் காய்ச்சல் மிகுதி என்றறியச் சிறுவர்தம் வயிற்றைத் தடவி மண்ணீரல் வீங்கியுள்ளதா என்று பார்த்தார். நூற்றுக்கு எத்தனைச் சிறுவர்க்கு வீக்கம் என்பதே மண்ணீரல் விகிதம். லயத்து வாசலில் வரிசையாக நின்ற அச்சிறுவர் அவருடைய அட்டவணைகளில் விழுக்காடுகளாக நிற்கின்றனர். அக்கணக்கின் பயனாக வடிகால்கள் வெட்டப்பட்டன, உயிர்கள் பிழைத்தன. நன்மை விளைந்தது, கேட்கப்படவில்லை என்னும் இரண்டையும் ஒருசேர நினைவில் வைத்துக்கொண்டுதான் இவ்வரலாற்றைப் படிக்க வேண்டும். ஒன்றைக் காட்டி மற்றொன்றை மறைப்பது வரலாறாகாது.

கேட்க வேண்டும் என்னும் விதி எழுத்துவடிவம் பெற்றது நாஜி மருத்துவர் மீதான வழக்குக்குப் பின்னர். 1947இல் நியூரம்பெர்க் நெறிகளும் 1964இல் ஹெல்சிங்கி அறிவிப்பும் வந்தன. ஆய்வுக்கு உட்படுவோர் அறிந்து இசைய வேண்டும் என்பது அவற்றின் உயிர்நாடி. ஆனால் அவ்விதிகள் ஓர் ஆய்வு, ஓர் ஆய்வாளர், ஒரு நோக்கம் என்னும் சட்டகத்தை மனத்திற்கொண்டு எழுந்தவை. உயிர்மாதிரி வங்கி அச்சட்டகத்தை உடைத்துவிட்டது. இன்று எடுக்கும் குருதியை இருபது ஆண்டு கழித்து, இன்று பள்ளியில் படிக்கும் ஒருவர், இன்று பெயரே இல்லாத ஒரு கருவியால், இன்று யாரும் எண்ணாத ஒரு கேள்விக்காக ஆராயலாம். அறிந்து இசைக என்றால் எதை அறிவது? இச்சிக்கலுக்கென்றே உலக மருத்துவர் சங்கம் 2002இல் ஓர் அறிவிப்பைச் செய்து, 2016இல் தைப்பே நகரில் அதனைத் திருத்தி விரித்தது.

நம் நாட்டில் இதன் பெரிய எடுத்துக்காட்டு மலேசியக் கோஹோர்ட் என்னும் திட்டம். கோஹோர்ட் என்பது நெடுங்காலம் பின்தொடரப்படும் மக்கள் திரள். 2005இல் அரசு முன்னெடுத்த இத்திட்டத்தை மலேசிய தேசியப் பல்கலைக்கழகத்தின் மருத்துவ மூலக்கூற்று உயிரியல் கழகம் நடத்துகிறது. 2006 ஏப்ரல் முதல் 2012 செப்டம்பர் வரை 35 முதல் 70 அகவை வரையுள்ள 1,06,527 பேர் இதில் சேர்ந்தனர். மலாய்க்காரர், சீனர், இந்தியர், பிறர் எனப் பல இனத்தாரும், நகரத்தாரும் நாட்டுப்புறத்தாரும் இதில் உளர். நேர்காணல், உடல் அளவீடு, வெறும் வயிற்றுக் குருதிச் சோதனை ஆகியவை நடந்தன; மாதிரிகள் சேமிக்கப்பட்டன. சேர்ந்தோரில் 16.6 விழுக்காட்டினர்க்கு நீரிழிவும் 46.5 விழுக்காட்டினர்க்கு உயர் குருதியழுத்தமும் இருந்தன. ஏறத்தாழ இருவரில் ஒருவர்க்கு உயர் குருதியழுத்தம்! 2013 சூன் முதல் அவர்களைப் பின்தொடரும் கட்டம் தொடங்கியது.

இத்தகைய வங்கியில் குருதிக்கு என்ன நேர்கிறது என்பதை மாணவர்க்குச் சொல்ல வேண்டும். குருதியைச் சுழற்றி ஊநீர், வெள்ளணு எனப் பிரிப்பர்; சிறு குப்பிகளில் பகிர்ந்து அடைப்பர். ஒரு குப்பியை உருக்கினால் மற்றவை உறைந்தே இருக்க வேண்டும் என்பதற்காக இப்பகிர்வு. குப்பியின்மேல் பெயர் இராது. பட்டைக்குறி மட்டும் இருக்கும். பெயரையும் குறியையும் இணைக்கும் திறவுகோல் வேறோரிடத்தில், சிலர் கையில் மட்டும் இருக்கும். சில குப்பிகள் மைனஸ் 80 பாகை உறைபெட்டியிலும் சில நீர்ம நைட்ரசன் தொட்டியிலும் வைக்கப்படும். நீர்ம நைட்ரசனின் வெப்பநிலை மைனஸ் 196 பாகை. அக்குளிரில் காலம் நின்றுவிடுகிறது என்றே சொல்லலாம்.

சேமிப்பது எளிது, கொடுப்பதே கடினம். வெளியாய்வாளர் ஒருவர் மாதிரியோ தரவோ வேண்டுவாராயின், ஆய்வுத் திட்டத்தை எழுதித் தர வேண்டும். தம் நிறுவன அறநெறிக் குழுவின் ஒப்புதலைக் காட்ட வேண்டும். எத்தனைப் பேரின், எந்தெந்தத் தகவல் தேவை என்று வரையறுக்க வேண்டும். அணுக்கக் குழு என்னும் ஒரு குழு அதனை ஆராயும். இசைந்தால் ஒப்பந்தம் ஒன்று எழுதப்படும்: சொன்ன நோக்கத்தன்றி வேறெதற்கும் பயன்படுத்தேன், பிறர்க்குக் கைமாற்றேன், மாதிரிக்குரியவர் யாரென்று கண்டறிய முயலேன் என்பவை அதன் சாரம். குருதியும் தரவும் இங்கே வேறுபடுகின்றன. குருதி எடுக்க எடுக்கக் குறையும். ஒருவர்க்குக் கொடுத்தது மற்றவர்க்கில்லை. ஆகவே குழு கைகட்டியே கொடுக்கும். தரவோ எத்தனைப் பேர் படித்தாலும் குறையாது. ஆனால் ஒருமுறை வெளியே போனால் திரும்ப அழைக்கவும் இயலாது.

வங்கிக்கு வங்கி வழக்கம் வேறு. பிரித்தானியாவின் யூகே பயோபேங்க் 2006 முதல் 2010 வரை, 40 முதல் 69 அகவை வரையுள்ள ஏறத்தாழ 5 இலட்சம் பேரைச் சேர்த்தது. 2012இல் ஆய்வாளர்க்குக் கதவைத் திறந்தது. பொதுநலம் சார்ந்த உடல்நல ஆய்வாயின், எந்நாட்டாரும் கட்டணம் செலுத்தி விண்ணப்பிக்கலாம். முதலில் தரவை ஆய்வாளர்க்கு அனுப்பிவந்தனர். 2021இல் வேறு வழி தொடங்கியது: தரவு இருக்குமிடத்திற்கு ஆய்வாளர் இணையவழி வந்து, அங்கேயே கணக்கிட்டு, முடிவுகளை மட்டும் எடுத்துச் செல்வார். நூலகத்தில் வெளியே கொடுக்காத அரிய ஏட்டை அங்கேயே அமர்ந்து படிப்பது போன்றது இது. மலேசியக் கோஹோர்ட்டோ, ஒத்துழைக்க விரும்புவோரும் தரவு வேண்டுவோரும் திட்டத் தலைவரை அணுகுக என்று தன் அறிமுகக் கட்டுரையில் அறிவித்தது. முன்னது விண்ணப்ப முறை, பின்னது கூட்டாளி முறை. கூட்டாளி முறையில் தரவு எங்கே செல்கிறது என்பதன் மேல் பிடி மிகுதி. ஆனால் முன்பின் அறிமுகமில்லாத இளம் ஆய்வாளர்க்கு வாயில் ஒடுங்கும்.

தமிழர் பெயராலேயே ஒரு தொகுப்பு உலகெங்கும் திறந்து கிடக்கிறது என்பதைப் பலர் அறியார். 2015இல் நிறைவுற்ற ஆயிரம் மரபணுத்தொகைத் திட்டம் 26 மக்கட்குழுவினரின் 2,504 மரபணுத்தொகைகளை வெளியிட்டது. அக்குழுக்களுள் ஒன்று, பிரித்தானியாவில் வாழும் இலங்கைத் தமிழர். நூற்றுக்கும் மேற்பட்டோரின் மரபெழுத்து முழுவதும் யாரும் விண்ணப்பமின்றி இறக்கிக்கொள்ளுமாறு உள்ளது. அவர்தம் குருதியிலிருந்து வளர்த்த, தொடர்ந்து பெருகும் உயிரணு வரிசைகள் அமெரிக்காவின் நியூ செர்சி மாநிலத்துக் கேம்டன் நகரிலுள்ள கோரியல் கழகத்தில் உள்ளன. உறுதிமொழிப் படிவம் அளித்து ஆய்வகங்கள் அவற்றை விலைக்குப் பெறலாம். கொடுத்தோர் பெயரும் நோய்க்குறிப்பும் அங்கே இல்லை. பெயரே பதியப்படாமையால், பின்னாளில் ஒருவர் மனம் மாறி என்னுடையதைத் தருக என்று கேட்டால் எதை எடுத்துத் தருவது என்றும் தெரியாது. மறைவு முழுமையாகும்போது மீட்பு இல்லாமற் போகிறது.

இவ்விடத்தில் சொல் பற்றிப் பேசவேண்டியவர்களாகிறோம். வங்கிக்கு மாதிரி தருவதை மாதிரி தானம் என்று எழுதும் போக்கு, குருதிக்கொடையை இரத்ததானம் என்பதைப் பின்பற்றி வந்துள்ளது. இது பொருந்தாது என்பது நம் கருத்து. தானம் என்பது நீர்வார்த்துக் கொடுப்பது. கொடுத்தபின் கொடுத்தவர்க்கு அதன்மேல் உரிமையில்லை, கேட்பதும் இழுக்கு. மருத்துவமனையில் பிறர்க்கு ஏற்றக் கொடுக்கும் குருதிக்கு அச்சொல் தகும். வங்கியிலுள்ள மாதிரியோ, விலகிக்கொள்ளும் உரிமை கொடுத்தவரிடம் நிற்க, பாதுகாக்கும் கடமை பெற்றவரிடம் நிற்பது. இவ்வுறவுக்குத் தமிழில் பழஞ்சொல் ஒன்று உண்டு: அடைக்கலம். சிலப்பதிகாரத்தில் கவுந்தியடிகள் கண்ணகியை மாதரியிடம் ஒப்படைக்கும் பகுதிக்கு அடைக்கலக் காதை என்றே பெயர். அவ்வடைக்கலத்தைக் காக்க முடியாமற் போனமைக்காக மாதரி தீப்புகுந்த செய்தி வஞ்சிக் காண்டத்தில் வருகிறது. வங்கியாளர் தீப்புக வேண்டா. ஒப்படைத்தவர்க்கு விடை சொல்லும் பொறுப்பு அச்சொல்லிலேயே அடங்கியுள்ளது என்பதையே சுட்டுகிறோம்.

அடைக்கலம் தவறியதற்கு அண்மைக் கால எடுத்துக்காட்டும் உண்டு. அமெரிக்காவின் பெருங்கணவாய்ப் பள்ளத்தில் வாழும் அவசுபாய்ப் பழங்குடியினர், தம்மிடையே பெருகிய நீரிழிவுக்குக் காரணம் காணவே குருதி தருகிறோம் என்றெண்ணி 1990களில் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்க்குக் குருதி தந்தனர். அக்குருதி மனச்சிதைவு நோய் பற்றியும், அவர்தம் முன்னோர் எங்கிருந்து வந்தனர் என்பது பற்றியும் ஆராயப் பயன்பட்டது. அப்பள்ளமே தாம் தோன்றிய இடம் என்பது அவர்தம் சமய நம்பிக்கை. வழக்கு நடந்தது. 2010இல் பல்கலைக்கழகம் 7 இலட்சம் டாலர் வழங்க இசைந்து, எஞ்சிய குருதியையும் திருப்பித் தந்தது. கையெழுத்திட்ட படிவம் அங்கே இருந்தது. அப்படிவத்தின் பரந்த சொற்களை ஆய்வாளர் ஒருவகையாகவும் மக்கள் வேறொருவகையாகவும் பொருள் கொண்டனர்.

இனி நம் ஜொகூருக்கு வருவோம். மோனாஷ் பல்கலைக்கழகத்தின் மலேசிய வளாகத்தார் 2011இல் சிகாமட் மாவட்டத்தில் தென்கிழக்காசியச் சமூக நோக்ககம் ஒன்றை நிறுவினர். சியாக்கோ என்பது அதன் சுருக்கப்பெயர். மாவட்டத்தின் 11 முக்கிம்களுள் பெக்கோக், சாஆ, கெமெரே, ஜாபி, சுங்கை சிகாமட் ஆகிய ஐந்தில் வீடுவீடாகக் கணக்கெடுத்து, ஏறத்தாழ 40,000 பேரைக் காலந்தோறும் பின்தொடரும் திட்டம் இது. குளிர்த்தொட்டியில் குருதியடுக்கும் வங்கி என்பதைவிட, உடல்நலத் தரவின் களஞ்சியம் என்பதே இதற்குப் பொருந்தும். மலாய்க்காரர், சீனர், இந்தியர், ஓராங் அஸ்லி ஆகிய நால்வரும் அடுத்தடுத்து வாழும் நிலப்பகுதி இது. ரப்பர்த் தோட்டக் காலத்திலிருந்தே தமிழர் வாழும் ஊர்கள் இங்கே உண்டு. ஊராரைக் கலந்துகொண்டே நடத்துவது என்பதைத் தொடக்கத்திலேயே இத்திட்டத்தார் அடிப்படையாக வைத்தனர்.

இத்தகைய சிற்றூர்களில் பெயரை நீக்குவது மட்டும் மறைவாகாது. ஒரு முக்கிமில் தமிழ்க் குடும்பங்கள் சிலவே இருக்க, இந்தியர், பெண், 67 அகவை, இன்ன அரிய நோய் என்று தரவில் இருந்தால், அவ்வூர் மளிகைக் கடைக்காரர்க்கே யாரென்று தெரிந்துவிடும். நகரத்தில் ஆயிரம் பேருக்குள் கரையும் அடையாளம் இங்கே கரையாது. அகவையைப் பத்தாண்டுத் தொகுதியாக்குதல், ஊர்ப்பெயரை மறைத்தல், எண்ணிக்கை மிகக் குறைந்த கட்டங்களை வெளியிடாமை முதலிய முறைகள் இதற்காகவே ஏற்பட்டவை.

இந்தியர் என்னும் சொல்லும் ஆராயத்தக்கது. 1901ஆம் ஆண்டுக் குடிக்கணக்கு, தமிழரும் பிற இந்திய நாட்டினரும் என்று ஒரு பிரிவை வைத்தது. 1911இல் அது இந்தியர் என்றாயிற்று. அன்று முதல் தமிழர், தெலுங்கர், மலையாளி, பஞ்சாபியர் யாவரும் ஒரு கட்டத்துள் அடங்கினர். ஆட்சிக்கு அது போதும். மரபணு ஆய்வுக்குப் போதாது. படிவத்தில் தாய்மொழியையும் தாத்தா பாட்டியின் ஊரையும் கேட்கும் திட்டம் நன்கு ஆராயும். ஆனால் மேற்சொன்ன அடையாள இடர் அத்தனையும் கூடும். எவ்வளவு நுட்பமோ அவ்வளவு வெளிச்சம்.

அப்படியாயின் தராமலே இருந்துவிடலாமே என்பார்க்கு ஒன்று சொல்வோம். இதயத்தசைப் புரதம் ஒன்றை ஆக்கும் மரபணுவில் 25 எழுத்துகள் விடுபட்ட ஒரு மாற்றம் தெற்காசியரில் நூற்றுக்கு ஏறத்தாழ நால்வரிடம் உள்ளது. முதுமையில் இதயம் தளர்வதற்கான வாய்ப்பை அது பெருக்குகிறது. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்து ஆய்வாளர் தண்டபாணி உள்ளிட்டோர் 2009இல் இதனை வெளியிட்டனர். ஐரோப்பியர் குருதியை மட்டும் எத்தனை இலட்சம் பேரிடம் எடுத்தாலும் இது அகப்பட்டிராது. யூகே பயோபேங்கில் பத்தில் ஒன்பதுக்கும் மேற்பட்டோர் வெள்ளையர். அங்குக் கண்ட நோய்க்கணிப்பு முறைகள் தெற்காசியர்க்குப் பொருத்தும்போது துல்லியம் இழக்கின்றன. தராதவர் கணக்கில் இல்லை; கணக்கில் இல்லாதவர்க்குப் பிறர் உடலை வைத்துத் தைத்த சட்டைதான் கிடைக்கும். ஆகவே நம்மவர் தரவேண்டும் என்பதே நம் நிலை. தம் மொழியில் கேட்டறிந்து தரவேண்டும்.

தமிழில் கேட்டல் என்பது மலாய்ப் படிவத்தை ஒருமுறை மொழிபெயர்த்து அடுக்கி வைப்பதன்று. மொழிபெயர்த்ததை மூலத்தைக் காணாத இன்னொருவரிடம் கொடுத்து மீண்டும் மலாய்க்கு மாற்றச் செய்து, மூலத்தோடு ஒப்பிடும் மீள்மொழிபெயர்ப்பு முறை ஆய்வுலகில் நெடுநாளாக உண்டு. அங்கே பிழை பெரும்பாலும் கலைச்சொல்லில் வருவதில்லை; எளிய வினைச்சொல்லில் வருகிறது. யூகே பயோபேங்க் தன் பங்கேற்பாளர் விலகுவதை மூவகையாகப் பிரித்து வைத்தது: இனி என்னைத் தொடர்புகொள்ள வேண்டா என்பது ஒன்று, இனி என் மருத்துவப் பதிவேடுகளைப் பார்க்க வேண்டா, இதுவரை பெற்றதை வைத்துக்கொள்க என்பது மற்றொன்று, இனி என் மாதிரியையும் தரவையும் எதற்கும் பயன்படுத்த வேண்டா என்பது மூன்றாவது. மூன்றாவதைத் தேர்ந்தாலும் முன்பே வெளிவந்த ஆய்வுகளிலிருந்து அவர் கணக்கைப் பிரித்தெடுக்க இயலாது என்பதும் சேர்த்தே சொல்லப்படும். தமிழ்ப் படிவம், நீங்கள் எப்போது வேண்டுமானாலும் விலகிக்கொள்ளலாம் என்று ஒரே தொடரில் முடித்துவிடுமாயின், சாஆவில் ஒரு மூதாட்டி அதனை எவ்வாறு கொள்வார்? இனி வரவேண்டியதில்லை என்று கொள்வாரா? கொடுத்த குருதி திரும்ப வரும் என்று கொள்வாரா? படிவத்தை நீட்டுபவர் பலகால் அவ்வூர்த் தமிழ்ப்பள்ளியில் படித்த இளைஞராகவே இருப்பார். அம்மூன்றையும் பிரித்துச் சொல்லும் தமிழை அவருக்கு நாம் கொடுத்திருக்கிறோமா என்பதே ஆசிரியர் முன் உள்ள கேள்வி.